அமெரிக்க வலதுசாரி விமர்சகர்கள் பேச்சை எந்த அளவுக்கு நம்பலாம்? (இறால் வரி, கதிர்வீச்சு வீடியோ சம்பந்தமாக, 2025 கடைசியில்)

தொண்டிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தொண்டிப் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு வண்ணாமை இறால் பண்ணை இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 27-இல் அமெரிக்கா நம் சரக்குக்கு வரியை 50 சதவீதம் ஆக்கியதிலிருந்து ஏஜெண்டிடம் விலை கேட்டால் அமெரிக்காவில் என்ன சொல்கிறார்கள் பார்ப்போம் என்றுதான் பதில் வருகிறது. சரி, அவர் பார்ப்பதை நாமும் பார்ப்போமே என்று ராத்திரி ஏரேட்டர் (குளத்தில் காற்றுக் கலக்கும் மெஷின்) ஓடும்போது காவலுக்கு உட்கார்ந்தபடி போனில் அமெரிக்க அரசியல் பேச்சு கேட்க ஆரம்பித்தேன், இப்போது பழக்கமாகவே ஆகிவிட்டது.

அதிகம் கேட்பது அங்குள்ள வலதுசாரி ஆட்களை. எனக்கு அவர்கள் பேச்சு பிடித்திருக்கிறது. குடும்பம், சாமி பயம், உழைக்கிறவனுக்கு மரியாதை, எங்கேயோ ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு கடற்கரைக்காரனுக்குப் பாடம் எடுக்காதே என்கிற கோபம், இதெல்லாம் நம் ஊர் டீக்கடையில் பேசுகிற பேச்சுதான். ஆனால் யாரைக் கேட்டாலும் முதல் வார்த்தை பத்திரிகையும் டிவியும் பொய் என்பதாகவே இருக்கிறது. ஏன் இப்படி? நிஜமாகவே அங்கே பத்திரிகைகள் அவ்வளவு மோசமா, அல்லது தங்கள் பக்கம் ஆள் சேர்க்கச் சொல்வதா?

அடுத்தது, லூசியானா செனட்டர் ஜான் கென்னடி பேசிய வீடியோ எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றுகிறது. வெளிநாட்டு இறாலில் கதிர்வீச்சு, சாப்பிட்டால் வேற்றுக்கிரகப் பிராணி மாதிரி ஆகிவிடுவீர்கள் என்று ஒரு படத்தைத் தூக்கிக் காட்டிப் பேசுகிறார். பெரியப்பா அதைப் பார்த்துவிட்டு நம் இறாலையா சொல்கிறான் என்று ராத்திரி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். இது செய்தியா, அரசியலா? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஏர்வாடி மீரான் எழுதியது:

எல்லாரும் காசு வாங்கிக்கொண்டு பேசுகிறவர்கள். அந்தப் பக்கமும் அப்படித்தான், இந்தப் பக்கமும் அப்படித்தான். பார்க்காமல் இருந்தால் தூக்கமாவது வரும்.

பாம்பன்வாசி எழுதியது:

மீரான் பாய் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். விலை அங்கே முடிவாகிறது என்றால் அந்த ஊர்ப் பேச்சைப் புரிந்துகொண்டுதான் ஆக வேண்டும், வேறு வழி கிடையாது.

தம்பி, முதல் கேள்விக்கு வருகிறேன். பத்திரிகைக்காரர்கள் மீது வலதுசாரிகளுக்கு இருக்கும் கோபம் டிரம்ப் வந்து உண்டாக்கியது இல்லை. 1969 நவம்பர் 13-இல் துணை ஜனாதிபதி ஸ்பைரோ ஆக்னியூ அயோவா மாநிலத்தில் டெ மாய்ன் நகரத்தில் ஒரு கூட்டத்தில் பேசினார். நாடு என்ன பார்க்க வேண்டும், என்ன நினைக்க வேண்டும் என்பதை நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் இருக்கும் ஒரு சின்னக் கூட்டம் முடிவு செய்கிறது, அவர்களுக்கு யாரும் ஓட்டுப் போடவில்லை என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். அன்றைக்கு அங்கே மூன்றே மூன்று பெரிய டிவி நிறுவனங்கள், மூன்றுமே அந்தப் பேச்சை நேரடியாக ஒளிபரப்பின. இன்றைக்கு நீ போனில் கேட்கிற பேச்சு எல்லாவற்றுக்கும் வேர் அங்கே இருக்கிறது.

அப்புறம் சட்டம். 1949-இலிருந்து அங்கே ரேடியோ, டிவி லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விதி இருந்தது, சர்ச்சையான பொது விஷயத்தைப் பேசினால் மாற்றுக் கருத்துக்கும் இடம் கொடுக்க வேண்டும். கேட்க நியாயமாக இருக்கிறது இல்லையா? ஆனால் நடைமுறையில் நிலையங்கள் வம்பு வேண்டாம் என்று சர்ச்சையான பேச்சையே ஒதுக்கிவிட்டன என்பது கன்சர்வேட்டிவ்களின், அதாவது வலதுசாரிகளின் வாதம், அதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ரீகன் காலத்தில், 1987-இல், அந்த விதி நீக்கப்பட்டது. நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கப் பார்த்தபோதும் ரீகன் வீட்டோ செய்துவிட்டார். அடுத்த வருஷமே, 1988 ஆகஸ்டில், வலதுசாரிப் பேச்சாளர் ரஷ் லிம்பா நாடு முழுக்க ரேடியோவில் பேச வந்தார். பாட்டுக் கேட்கிறவர்கள் எல்லாம் எஃப்எம்முக்குப் போய்விட்டதால் ஏஎம் நிலையங்கள் காற்று வாங்கிக் கிடந்த நேரம் அது. லாரி ஓட்டுகிறவர், வயலில் டிராக்டரில் இருப்பவர், கடை வைத்திருப்பவர் என்று பகல் முழுக்கக் கேட்டார்கள். தங்கள் மனதில் இருப்பதை ஒருவன் சத்தமாகச் சொல்கிறான் என்கிற சந்தோஷம் சாதாரணமானது இல்லை, அதைக் கேலி செய்கிறவர்களுக்கு அந்த மக்களைப் புரியவில்லை என்றுதான் அர்த்தம்.

1996 அக்டோபரில் ஃபாக்ஸ் நியூஸ். முதலாளி ரூபர்ட் மர்டாக், நடத்தியவர் ரோஜர் எய்ல்ஸ். இந்த எய்ல்ஸ் 1968 தேர்தலில் நிக்சனுக்கு டிவி ஆலோசகராக வேலை பார்த்தவர், அந்த ஆக்னியூதான் நிக்சனின் துணை ஜனாதிபதி. கோபம் கைமாறி வந்த வழியைப் பார். இன்னொன்று, பலர் அந்தப் பழைய விதி இருந்திருந்தால் ஃபாக்ஸ் வந்திருக்காது என்கிறார்கள், அது சரியில்லை. விதி முக்கியமாக அலைவரிசை லைசென்ஸ் வாங்கியவர்களுக்கு, ஃபாக்ஸ் மாதிரி கேபிள் சானலுக்கு அது பொருந்தியிருக்காது.

கடைசியாக ஒன்று தம்பி. ஃபாக்ஸில் பகலில் வரும் செய்தி வேறு, ராத்திரியில் ஒரே ஆள் உட்கார்ந்து பேசும் மணி நேரம் வேறு. எதிர்ப்பக்கம் இருக்கும் எம்எஸ்என்பிசியிலும் (2025 நவம்பரிலிருந்து அதன் பெயர் எம்எஸ் நவ்) அதே கதைதான். மீன் ஏலத்தில் எடை போடுகிறவரும் கூவுகிறவரும் ஒரே கூடத்தில்தான் நிற்கிறார்கள், எடை எவ்வளவு என்று கூவுகிறவரிடம் போய் யாரும் கேட்பதில்லை. நீ இதுவரை கேட்டுக்கொண்டிருப்பது கூவுகிறவர்களை.

கீழக்கரை ஹூஸ்டன் எழுதியது:

ஊர் கீழக்கரை, பிழைப்பு டெக்சாஸில். பக்கத்து வீட்டார், வேலை இடத்தில் கூட இருப்பவர்கள் பெரும்பாலும் ரிபப்ளிகன் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்கள், நல்ல மனிதர்கள். பாம்பன் அண்ணன் சொன்ன சரித்திரம் சரி, ஆனால் அந்தக் கோபத்துக்குக் காரணம் இருக்கிறதா என்ற பகுதியை அவர் தொடவில்லை. அதை நான் சொல்கிறேன்.

2004 தேர்தல் நேரத்தில் சிபிஎஸ் டிவியின் செய்தியாளர் டேன் ராதர், அப்போதைய ஜனாதிபதி புஷ் ராணுவச் சேவையில் சலுகை வாங்கினார் என்று சில பழைய கடிதங்களைக் காட்டினார். அந்த எழுத்து 1970களின் டைப்ரைட்டர் எழுத்து மாதிரி இல்லையே என்று முதலில் கேட்டவர்கள் வீட்டில் உட்கார்ந்து வலைப்பதிவு எழுதிய வலதுசாரிகள். கடைசியில் அந்தக் கடிதங்களை நிரூபிக்க முடியவில்லை என்று சிபிஎஸ் மன்னிப்புக் கேட்டது. அடுத்து 2020 அக்டோபர். ஜோ பைடனின் மகன் ஹண்டர் பைடன் லேப்டாப் பற்றி நியூயார்க் போஸ்ட் எழுதியதும் ட்விட்டர் அந்தச் செய்தியின் இணைப்பையே பகிர விடாமல் தடுத்தது, பெரிய பத்திரிகைகள் பல ரஷ்யாவின் வேலையாக இருக்கும் என்கிற பேச்சோடு ஒதுங்கிக்கொண்டன. 2022-இல் நியூயார்க் டைம்ஸும் வாஷிங்டன் போஸ்ட்டும் அதில் இருந்த மின்னஞ்சல்களில் ஒரு பகுதி உண்மையானவைதான் என்று எழுதின. தேர்தல் முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு! இதை என் பக்கத்து வீட்டுக்காரர் மறப்பாரா?

2024 ஏப்ரலில் என்பிஆர் பொது வானொலியில் 25 வருஷம் வேலை பார்த்த யூரி பெர்லினர் என்ற ஆசிரியர், தங்கள் வாஷிங்டன் அலுவலகத்தின் செய்திப் பிரிவில் பதிவு செய்த டெமாக்ரட் 87 பேர், ரிபப்ளிகன் ஒருவர்கூட இல்லை என்று வெளிப்படையாக எழுதினார். அவரைச் சில நாள் சஸ்பெண்ட் செய்தார்கள், அவரே ராஜினாமா செய்துவிட்டுப் போனார். பத்திரிகை, டிவி, ரேடியோவை நம்புகிறீர்களா என்று கேலப் நிறுவனம் வருஷா வருஷம் கேட்கிறது. 1976-இல் நம்புகிறோம் என்றவர்கள் 72 சதவீதம், 2025-இல் 28. இத்தனை பேர் விலகியதற்கு வலதுசாரி ரேடியோ மட்டும் காரணம் என்று சொல்வது எனக்கு ஏற்புடையதில்லை. கடை முதலாளியிடம் இருந்து வாடிக்கையாளர் போனால் முதலாளிதான் யோசிக்க வேண்டும்.

ஆனால் தம்பி, தங்கள் வீட்டுக் குப்பையையும் பார்க்க வேண்டும் என்று இங்குள்ள நேர்மையான கன்சர்வேட்டிவ்களே சொல்கிறார்கள். 2020 தேர்தலில் டொமினியன் ஓட்டு இயந்திரங்களில் மோசடி என்று ஃபாக்ஸில் பேசினார்கள். வழக்கு வந்தது. விசாரணையில் வெளியான குறுஞ்செய்திகளைப் பார்த்தால், திரையில் அந்தப் பேச்சுக்கு இடம் கொடுத்த பெரிய முகங்கள் சிலர் தங்களுக்குள்ளே இது பைத்தியக்காரத்தனம் என்று எழுதியிருந்தார்கள். பார்க்கிறவர்கள் வேறு சானலுக்குப் போய்விடுவார்கள் என்ற பயம். 2023 ஏப்ரல் 18-இல் 78.75 கோடி டாலர் கொடுத்து ஃபாக்ஸ் சமரசம் செய்துகொண்டது. தன்னை நம்பி உட்கார்ந்த மனிதனுக்கு நம்பாததைச் சொல்வது எனக்குப் பெரிய பாவமாகத் தெரிகிறது, டேன் ராதர் விஷயத்தைவிடப் பெரிது. இங்குள்ள அவதூறுச் சட்டத்தில் பொது மனிதரோ பெரிய நிறுவனமோ பத்திரிகை மேல் ஜெயிப்பது லேசில்லை. 1964-இல் வந்த நியூயார்க் டைம்ஸ் எதிர் சல்லிவன் தீர்ப்பிலிருந்து வளர்ந்த விதிப்படி, பொய் என்று தெரிந்தோ, உண்மையா என்பதைப் பற்றிக் கவலையே இல்லாமலோ எழுதியதாக நிரூபிக்க வேண்டும். அப்படிப்பட்ட சட்டம் இருந்தும் அவ்வளவு பணம் கொடுத்தார்கள் என்றால் யோசித்துக்கொள்.

தேவிபட்டினம் டீச்சர் எழுதியது:

இரண்டு பேரும் அரசியலைச் சொல்லிவிட்டீர்கள். அந்தப் பெரியப்பா சாப்பிடாமல் இருக்கிறார், முதலில் அதைப் பார்ப்போம்.

தம்பி, அந்தக் கதிர்வீச்சு விஷயத்தில் வந்த இறால் இந்தோனேசியாவிலிருந்து போனது. நம்முடையது இல்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அறிவிப்பு வெளியிட்டது. லாஸ் ஏஞ்சலஸ், ஹூஸ்டன், சவானா, மயாமி துறைமுகங்களில் வந்த கன்டெய்னர்களில் சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் தெரிந்திருக்கிறது, ஒரு பிரெட் பூசிய இறால் மாதிரியில் கிலோவுக்கு சுமார் 68 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) இருந்திருக்கிறது. நடவடிக்கை எடுக்க அவர்கள் வைத்திருக்கும் அளவு 1200. சோதனையில் சிக்கிய சரக்கு எதுவும் கடைக்குப் போகவில்லை என்றும் அதே அறிவிப்பில் இருக்கிறது. அதே கம்பெனியிலிருந்து வந்த வேறு பாக்கெட்டுகளை வால்மார்ட் 13 மாநிலங்களில் திரும்ப எடுத்துக்கொண்டது. நீண்ட காலம் தொடர்ந்து சேர்ந்தால் கெடுதல் என்பதால் முன்னெச்சரிக்கை. இதுதான் செய்தி. 68-ஐயும் 1200-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அளவு புரியும். பெரியப்பாவிடம் இந்தோனேசியா என்ற ஒரு வார்த்தையை முதலில் சொல், அப்புறம் எண்ணைச் சொல்.

ஆனால் அந்த செனட்டர் ஏன் அப்படிப் பேசுகிறார் என்பதையும் கோபப்படாமல் பார்க்க வேண்டும். லூசியானா கரையில் இருப்பவர்களும் இறால் பிடிக்கிற குடும்பங்கள்தான். அமெரிக்காவில் சாப்பிடும் இறாலில் 90 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது, அதில் அதிகம் அனுப்புவது இந்தியா. அவர்கள் படகு கரையில் கிடக்கிறது. 2003 கடைசியிலேயே அவர்கள் சங்கம் வழக்குப் போட்டு, 2005 முதல் நம் இறாலுக்கு டம்பிங் எதிர்ப்பு வரி (நியாயமில்லாத குறைந்த விலைக்கு விற்கிறார்கள் என்று போடும் வரி) வந்தது, டிரம்புக்கு வெகு முன்னால். அதே மாநிலத்து செனட்டர் பில் காசிடி இந்திய இறாலுக்கென்றே தனி வரி கேட்டு மசோதா கொண்டுவந்தார். தங்கள் ஊர் மீனவனுக்காகப் பேசுகிற பிரதிநிதியை நான் குறை சொல்ல மாட்டேன், நமக்கு அப்படிப் பேச எத்தனை பேர் இருக்கிறார்கள்? பயம் காட்டுவதற்குப் பதில் விலையைச் சொல்லிப் பேசியிருக்கலாம் என்பதுதான் என் வருத்தம்.

இன்னொரு விஷயம், இங்கே பலர் குழப்பிக்கொள்வதால் சொல்கிறேன். ராமேஸ்வரம், மண்டபம் விசைப்படகுகள் கடலில் பிடிக்கும் இறாலை அமெரிக்கா 2019-இலிருந்தே எடுப்பதில்லை. இழுவை மடியில் (வலையில்) ஆமை தப்பிக்கும் கருவி பொருத்தவில்லை என்பது காரணம், 1989-இல் வந்த அவர்கள் சட்டம். அந்தக் கருவியைக் கட்டாயப்படுத்தியபோது லூசியானா மீனவர்களே கொதித்தார்கள், 1989-இல் படகுகளைக் குறுக்கே நிறுத்தித் துறைமுக வழிகளை அடைத்தார்கள், அந்த விதியைத் தன் மாநில அதிகாரிகள் அமல்படுத்தக் கூடாது என்று 1987-இல் லூசியானா போட்ட சட்டம் 2015 வரை இருந்தது. மத்திய அரசு எங்கள் வலையில் கை வைக்காதே என்பது அங்கே சாதாரண ஜனங்களின் உணர்ச்சி, வலதுசாரி விமர்சகர்களுக்குக் காது கொடுக்கிறவர்கள் அவர்கள். நம் கடல் இறால் அங்கே போவதே இல்லை, ஆகவே அந்த 50 சதவீதம் நேராக அடித்தது உன் பண்ணை வண்ணாமையை.

தொண்டிக்கரை எழுதியது:

டீச்சர், ரொம்ப நன்றி. இந்தோனேசியா என்று சொன்னதும் பெரியப்பா முகமே மாறிவிட்டது. அந்த 68, 1200 கணக்கை குரூப்பிலும் போட்டுவிட்டேன், இன்னும் சிலர் நம்பாமல் வாதம் செய்கிறார்கள், செய்யட்டும்.

கீழக்கரை காக்கா (அண்ணன்), உங்களிடம் ஒரு கேள்வி. வரி விஷயத்தில் எல்லா வலதுசாரிகளும் டிரம்ப் பக்கம்தானா? நான் கேட்பவர்கள் அத்தனை பேரும் வரி போட்டதை ஆஹா ஓஹோ என்கிறார்கள். இதைக் கேட்டால் வரி குறையவே குறையாது போலத் தோன்றுகிறது, அடுத்த தடவை குஞ்சு விடலாமா வேண்டாமா என்றே முடிவெடுக்க முடியவில்லை.

பாம்பன்வாசி எழுதியது:

காக்கா வருவதற்குள் ஒன்று. பொது வானொலிக்கும் பொது டிவிக்கும் மத்திய அரசு கொடுத்த பணத்தை 2025 ஜூலையில் நிறுத்தினார்கள், இரண்டு வருஷத்துக்கான 110 கோடி டாலர். பக்கச்சார்பு ரேடியோவுக்கு வரிப்பணம் எதற்கு என்பது வலதுசாரி விமர்சகர்களின் நீண்ட நாள் கோரிக்கை, பெர்லினர் சொன்ன கணக்கைப் பார்த்தால் அந்தக் கேள்வி தப்பில்லை. ஆனால் ரிபப்ளிகன் கட்சியிலேயே அலாஸ்கா செனட்டர் லிசா முர்கோவ்ஸ்கி எதிர்த்து ஓட்டுப் போட்டார். அங்கே ஒதுக்குப்புறக் கடற்கரை ஊர்களுக்கு சுனாமி எச்சரிக்கை போவது அந்த ரேடியோ வழியாக. நம் பாம்பனில் கடல் ஓசை 90.4 கேட்கிறவர்களுக்கு இது உடனே புரியும். சார்பு இருக்கிறது என்று நிலையத்தை மூடினால் காற்றுச் செய்தியும் சேர்ந்து போகிறது. எனக்கு அந்த அம்மாள் செய்தது சரி என்று படுகிறது.

கீழக்கரை ஹூஸ்டன் எழுதியது:

பாம்பன் அண்ணன், பணம் கொடுக்கிற அரசே செய்திக்கும் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை, எச்சரிக்கைக்குத் தனியாகக் கொடுக்கலாம். இதைப் பற்றித் தனியாகப் பேசுவோம்.

தம்பி, எல்லோரும் டிரம்ப் பக்கம் இல்லை. வால் ஸ்ட்ரீட் ஜர்னல் மர்டாக்குடையதுதான், ஃபாக்ஸ் முதலாளி குடும்பமேதான். அதன் ஆசிரியர் பக்கம் கெட்டியான கன்சர்வேட்டிவ் பக்கம். 2025 ஜனவரி கடைசியில் கனடா, மெக்சிகோ மீது வரி என்றதும் சரித்திரத்திலேயே முட்டாள்தனமான வர்த்தகப் போர் என்று தலையங்கம் போட்டார்கள். வில்லியம் பக்லி என்ற கன்சர்வேட்டிவ் எழுத்தாளர் 1955-இல் ஆரம்பித்த நேஷனல் ரிவ்யூ பத்திரிகையிலும் வரியை எதிர்த்து நிறைய வருகிறது. ரீகன் 1987 ஏப்ரலில் ரேடியோவில் வரிப் போரால் கடைசியில் அமெரிக்கத் தொழிலாளிக்கே கெடுதல் என்று பேசினார். அந்தப் பேச்சை கனடாவின் ஒன்டாரியோ மாநில அரசு 2025 அக்டோபரில் விளம்பரமாகப் போட்டதும் டிரம்ப் கனடாவோடு பேச்சுவார்த்தையை நிறுத்தினார். இதிலும் முழுதாகச் சொல்ல வேண்டும், அதே மாதம் ஜப்பான் பொருள்கள் சிலவற்றுக்கு 100 சதவீத வரி போட்டவரும் ரீகன்தான், அதை விளக்கத்தான் அந்தப் பேச்சே. இரண்டு பக்கமும் தங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் காட்டினார்கள்.

யூடியூபில் உனக்கு வருவது ஒரே மாதிரி ஆட்கள், ஒன்றைப் பார்த்தால் அதே ரகத்தில் பத்து காட்டும். தேடுகிற இடத்தில் டாரிஃப் (வரி) என்பதோடு வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பெயரையும் சேர்த்துத் தேடு, எதிர்க்கிற கன்சர்வேட்டிவ்கள் வருவார்கள்.

குஞ்சு விடுவதை எந்தச் சானலையும் கேட்டு முடிவு செய்யாதே. நமக்கு வந்த வரி இரண்டு துண்டு. முதல் 25 சதவீதம் 2025 ஆகஸ்ட் 7-இல், ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்காக என்று சொல்லி இன்னொரு 25 அதே மாதம் 27-இல். இரண்டுக்கும் தனித்தனி உத்தரவு, ஃபெடரல் ரிஜிஸ்டர் என்ற அரசிதழ்த் தளத்தில் இலவசமாகக் கிடக்கிறது. வரி ஏறினாலும் இறங்கினாலும் எந்தத் தேதி முதல், எந்தச் சரக்குக்கு என்று அங்கே போட்டுத்தான் ஆக வேண்டும். டம்பிங் எதிர்ப்பு வரியும், 2024 டிசம்பரில் வந்த மானிய எதிர் வரியும் (நம் அரசு மானியம் தருகிறது என்று போடும் வரி) தனிக் கணக்கு, அந்த 50-இல் சேராது, ஆகவே ஏஜெண்ட் எந்த எண்ணைச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள். மொழி கஷ்டமாக இருந்தால் உத்தரவை இங்கே ஒட்டு, இந்தியா என்று வரும் பத்தியை நான் தமிழில் போட்டுத் தருகிறேன்.